வெள்ளிக்கிழமை மதியம் எந்தப் பஸ்?

மாநாட்டுப் பதிவுப் படிவத்தில் கடைசிப் பக்கம் வரை எல்லாம் சுலபம். பெயர், பல்கலைக்கழகம், மாணவரா, சைவமா அசைவமா. அப்புறம்தான் அந்தக் கட்டம் வரும்: வெள்ளிக்கிழமை மதியம் எந்த எக்ஸ்கர்ஷனுக்கு வருகிறீர்கள்? தனிக் கட்டணம், இடம் குறைவு, முந்துகிறவர்களுக்கே சீட்டு. அந்த இடத்தில் பாதிப் பேர் படிவத்தை அப்படியே திறந்து வைத்துவிட்டு டீ போடப் போய்விடுவார்கள்.

அப்படிப் பாதியில் நிறுத்திவிட்டு எனக்குப் போன் செய்தவன் ஒரு மதுரைப் பையன். அமெரிக்காவின் நடுப்பகுதியில் ஒரு பல்கலைக்கழகத்தில் இசை ஆய்வு, இரண்டாம் ஆண்டு. அமெரிக்க இசையை ஆராய்கிறவர்களின் சங்கமான சொசைட்டி ஃபார் அமெரிக்கன் மியூசிக் 2024 மார்ச்சில் டெட்ராய்ட்டில் கூடியது. அவனுக்கு அதுதான் முதல் மாநாடு. "அண்ணா, பஸ்ல போகவா, நானா சுத்தவா? கையில காசு வேற கம்மி" என்றான். அன்றைக்கு அவனிடம் சொன்னதை அப்புறம் இன்னும் இரண்டு மூன்று பேரிடம் சொல்லியாகிவிட்டது. ஒரு தடவை எழுதிப் போட்டுவிட்டால் எனக்கும் வாய் வலிக்காது.

தெரியாதவர்களுக்காக அமைப்பைப் பற்றி நாலு வரி. 1975இல் சோனெக் சொசைட்டி என்ற பெயரில் தொடங்கியது. ஆஸ்கர் சோனெக் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் இசைப் பிரிவுக்கு ஆரம்ப காலத்தில் தலைவராக இருந்தவர். ஆராய்ச்சி என்றாலே ஐரோப்பிய இசைதான் என்றிருந்த காலத்தில் அமெரிக்காவின் பழைய பாட்டுப் புத்தகங்களையும் கச்சேரி விவரங்களையும் தேடித் தொகுத்தவர். இப்போதைய பெயர் பின்னால் வந்தது. நவம்பரில் நடக்கும் பெரிய இசையியல் மாநாடுகள் திருவிழா என்றால் இது ஊர்க் கல்யாணம். சில நூறு பேர், ஒரே ஓட்டல், மூன்றாம் நாள் பார்த்தால் எல்லாரும் எல்லாருக்கும் தெரிந்தவர்கள். வெள்ளி மதியத்தோடு கட்டுரை வாசிப்பை நிறுத்தி, ஊர் பார்க்க விட்டுவிடுவது வழக்கம். அது போக, உறுப்பினர்களே ஊதும் ஒரு பேண்டு, வட்டமாக உட்கார்ந்து பாடும் ஓர் அமர்வு, புத்தகம் இசைத்தட்டு ஏலம், சனி இரவு விருந்து. எக்ஸ்கர்ஷன் பட்டியல் ஊருக்கு ஊர் மாறும் என்பதால் அதை விட்டுவிடுகிறேன். டெட்ராய்ட்டில் ஒரு மதியமும் இரண்டு மூன்று இரவுகளும் கையில் இருந்தால் எதை எடுப்பது, எதை விடுவது என்பதுதான் இங்கே கேள்வி.

முதலில் பஸ்ஸைப் பார்த்துவிடலாம். அமைப்பாளர்கள் பிடித்துத் தரும் பஸ்ஸில் ஏறினால் நேரம் அவர்கள் கையில். ஒருவர் கழிவறைக்குப் போனால் நாற்பது பேர் காத்திருக்க வேண்டும். என் முதல் மாநாடு வேறோர் ஊரில். பஸ் ஐம்பது நிமிடம் தாமதமாக வந்தது. அருங்காட்சியகம் ஐந்து மணிக்கு மூடும். உள்ளே போய் பான்ஜோக்கள் வைத்திருந்த ஒரே ஒரு கண்ணாடிப் பெட்டியைப் பார்த்து முடிப்பதற்குள் காவலர் விளக்கை அணைக்க ஆரம்பித்துவிட்டார். கொடுத்த காசுக்கு வயிறு எரிந்தது. திரும்பும்போது சாலை முழுக்க வண்டி. பக்கத்து சீட்டில் ஒரு பெரியவர், மடியில் வேர்க்கடலைப் பை. "என்ன ஆராய்ச்சி?" என்று கேட்டார். சொன்னேன். கடலையை என் கையில் கொட்டிவிட்டு, காலிப் பையை நீவி, அதில் ஓர் ஆவணக் காப்பகத்தின் பெயரையும் பெட்டி எண்ணையும் எழுதிக் கொடுத்தார். என் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம் முழுக்க அந்தப் பெட்டியில் இருந்த கடிதங்கள்தான்.

ஆக, பஸ் கட்டணம் என்பது சீட்டுக்குக் கொடுப்பது இல்லை, பக்கத்து சீட்டுக்குக் கொடுப்பது. யாரையும் தெரியாமல் முதல்முறை போகிறவர்களுக்கு இடத்தைவிடப் பக்கத்து சீட்டுதான் முக்கியம். நாலைந்து வருடமாகப் போகிறவர்களுக்கு அந்தத் தேவை இல்லை. அவர்கள் இடத்தைப் பார்த்து முடிவெடுக்கலாம்.

இடம் என்றால் டெட்ராய்ட்டில் எல்லார் வாயிலும் முதலில் வருவது மோடவுன் என்ற இசைத்தட்டுக் கம்பெனியின் பழைய வீடு. 2648, வெஸ்ட் கிராண்ட் பூல்வார்ட். வெள்ளை அடித்த சாதாரண வீடு, நீல நிறத்தில் ஓரங்கள், நெற்றியில் 'ஹிட்ஸ்வில் யு.எஸ்.ஏ.' என்று எழுத்து. கார் தொழிற்சாலையில் வேலை பார்த்துவிட்டு வந்த பெர்ரி கோர்டி 1959இல் கம்பெனி தொடங்கினார். முதல், குடும்பத்தார் மாதாமாதம் போட்டு வைத்திருந்த பொதுப் பணத்திலிருந்து வாங்கிய 800 டாலர் கடன். நம் வீடுகளில் சீட்டுப் பணத்தை எடுத்துத் தொழில் தொடங்குவது மாதிரிதான். மாடியில் குடித்தனம், கீழே ஸ்டூடியோ. கார் ஆலையின் உற்பத்தி வரிசையில் ஒவ்வொரு கட்டத்திலும் ஒருவர் சோதிப்பதுபோல இங்கேயும் வெள்ளிக்கிழமைக் காலையில் தரக் கட்டுப்பாட்டுக் கூட்டம் போட்டு, எந்தப் பாட்டு வெளியே போகலாம் என்று ஓட்டுப் போடுவார்கள். 1972இல் கம்பெனி லாஸ் ஏஞ்சலஸுக்குப் போகும்வரை அந்தக் கீழறை ராத்திரி பகல் பார்க்காமல் ஓடியது. 1985இல் கோர்டியின் அக்கா எஸ்தர் கோர்டி எட்வர்ட்ஸ் வீட்டை அருங்காட்சியகம் ஆக்கினார்.

இதெல்லாம் புத்தகத்திலேயே இருக்கிறது. எதற்காக நேரில் போக வேண்டும் என்றால், கூரையில் இருக்கும் ஓர் ஓட்டைக்காக. மாடி அறை ஒன்றில் வழிகாட்டி உங்களை ஓரிடத்தில் நிறுத்தி, தலைக்கு மேலே காட்டுவார். சதுரமாக வெட்டிய திறப்பு, அதற்கு மேலே பரண். கம்பெனியின் எதிரொலி அறை அதுதான். "கை தட்டுங்க" என்பார். தட்டினால் சத்தம் மேலே போய்ச் சற்று நின்று, ஈரமாகக் கீழே இறங்கும். அந்தக் காலத்து மோடவுன் தட்டுகளில் குரலுக்குப் பின்னால் ஒரு மங்கலான வால் தொங்குமே, அது ஒரு வீட்டுப் பரணில் பிறந்தது என்று நூறு கட்டுரை படித்தாலும் காதுக்கு ஏறாது. ஒரே ஒரு கைதட்டலில் ஏறிவிடுகிறது.

கீழே ஸ்டூடியோ ஏ. சின்ன அறை. ஒலிப்பதிவு மேசைக்கு அடியில் மரத்தரை ஓரிடத்தில் தேய்ந்து போயிருக்கிறது, தாளம் போட்ட கால்கள் தேய்த்த தேய்ப்பு. 1877ஆம் வருடத்து ஸ்டைன்வே பியானோ ஒன்று நிற்கிறது. பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி உதவியால் பழுதுபார்த்தது. வெளியே மிட்டாய் மிஷின். அதில் பேபி ரூத் மிட்டாய் எப்போதும் ஒரே வரிசையில்தான் இருக்கும். அப்போது சிறுவனாக இருந்த கண் தெரியாத பாடகர் ஸ்டீவி வொண்டர் தடவி எடுக்க வசதியாக அப்படி வைப்பார்களாம். கடைசியில் வழிகாட்டி எல்லாரையும் நிற்க வைத்துப் பாடவும் ஆடவும் சொல்வார். இருபது பேராசிரியர்கள் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நிற்பதைப் பார்ப்பதற்கே டிக்கெட் காசு தகும்.

டிக்கெட் அப்போது இருபது டாலர் சுமார். சிறு குழுக்களாகத்தான் உள்ளே விடுவார்கள், நேரம் குறித்து முன்பதிவு செய்ய வேண்டும். போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பினால் வாசலில் நின்று வீட்டைப் போட்டோ எடுத்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். போக வழி: உட்வர்ட் அவென்யூவில் ஓடும் கியூலைன் டிராம் வண்டிக்குக் காசு கிடையாது. அதில் வடக்குக் கோடியில் கிராண்ட் பூல்வார்ட் நிறுத்தம் வரை போய், மேற்கே இரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டும். வழியில் 1928இல் கட்டிய ஃபிஷர் கட்டடம் வரும். உள்ளே நுழைந்து கூரையை அண்ணாந்து ஒரு நிமிடம் பார்த்துவிட்டு வாருங்கள், கதகதப்பாகவும் இருக்கும். மார்ச் மாதக் காற்று காதைப் பிய்த்துவிடும். குல்லாய் இல்லாமல் நடக்க முடியாது.

நடக்க முடியாதவர்களுக்கு, அல்லது மோடவுனில் இடம் கிடைக்காதவர்களுக்கு, அதே உட்வர்ட் அவென்யூவிலேயே ஒரு மதியம் இருக்கிறது. மொத்தமாகப் பார்த்தால் மோடவுனைவிட இதில்தான் விஷயம் அதிகம் என்றுகூடச் சொல்வேன். ஆனால் ஒவ்வொன்றாகப் பார்த்தால் கூரை ஓட்டைக்கு ஈடாக எதுவும் இல்லை.

டெட்ராய்ட்டில் பிறந்த ராக் இசைக்காரர் ஜாக் ஒயிட்டின் தேர்ட் மேன் இசைத்தட்டுக் கடை கேன்ஃபீல்ட் தெருவில். முன்னால் கடை, பின்னால் 2017இல் திறந்த இசைத்தட்டு ஆலை, நடுவில் பெரிய கண்ணாடி. உள்ளே போகக் காசு கிடையாது. கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம். சூடான பிளாஸ்டிக் உருண்டையை இரண்டு லேபிள்களுக்கு நடுவில் வைக்கிறார்கள். மேலச்சும் கீழச்சும் மூடுகின்றன. அதிரசத்தை எண்ணெயிலிருந்து எடுத்து இரண்டு கரண்டிக்கு நடுவில் அழுத்துவோமே, அதே காரியம். ஓரத்தில் பிதுங்கியதை வெட்டி எடுத்தால் தட்டு தயார். இசைத்தட்டைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்களில் எத்தனை பேர் ஒன்று பிறப்பதைப் பார்த்திருப்பார்கள் என்று அங்கே நின்றபோது தோன்றியது. நானே அதுவரை பார்த்ததில்லை.

அங்கிருந்து கால் மணி நடையில் டெட்ராய்ட் கலைக்கூடம். மெக்சிகோ ஓவியர் டியேகோ ரிவேரா 1932-33இல் தீட்டிய 27 சுவரோவியங்கள் ஒரே கூடத்தில், நாலு பக்கமும். பணம் கொடுத்தது ஃபோர்டு கார் கம்பெனி முதலாளி எட்செல் ஃபோர்டு, வரைந்தது ஃபோர்டு ஆலையின் தொழிலாளிகளை. இசைக்காரர்களுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்காதீர்கள். கோர்டி வேலை பார்த்த மாதிரியான உற்பத்தி வரிசை எப்படி இருந்தது என்று கண்ணால் பார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை. சத்தம் மட்டும்தான் இல்லை. வெள்ளிக்கிழமைகளில் இரவு வரை திறந்திருப்பதால் இதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.

எதிரே நகரப் பொது நூலகம். அங்கே பாடகி அசேலியா ஹேக்லி பெயரில் ஒரு சேகரிப்பு, 1943இல் தொடங்கியது, கறுப்பினக் கலைஞர்களின் நாடகம், நடனம், இசைக்கென்றே. ஆய்வாளர் என்றால் கை பரபரக்கும். ஆனால் வெள்ளி மதியத்தை இதில் வைக்காதீர்கள். காப்பகம் என்பது முன்கூட்டி எழுதிக் கேட்டு, இரண்டு நாள் ஒதுக்கிப் போக வேண்டிய இடம். மூன்று மணி நேரத்தில் பெட்டியைத் திறந்து மூடத்தான் முடியும். மாநாடு முடிந்தபின் தங்க முடிந்தால் போங்கள்.

டிராமில் திரும்பும் வழியில் ஆர்கெஸ்ட்ரா ஹால். இதன் கதை எனக்குச் சலிப்பதே இல்லை. ரஷ்யாவிலிருந்து வந்த ஓசிப் கப்ரிலோவிச், எழுத்தாளர் மார்க் ட்வெயினின் மருமகன், டெட்ராய்ட் சிம்பொனி இசைக்குழுவை நடத்த வேண்டுமானால் சரியான அரங்கம் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். ஆறு மாதம்கூட ஆகவில்லை, 1919இல் கட்டி முடித்துவிட்டார்கள். 1939இல் சிம்பொனி வெளியேறியது. 1941இல் அதே கட்டடம் பாரடைஸ் தியேட்டர் என்ற பெயரில் ஜாஸ் மேடையானது. பெயர் கிழக்கே இருந்த பாரடைஸ் வேலி என்ற கறுப்பினக் குடியிருப்பிலிருந்து வந்தது. அப்புறம் அதுவும் மூடி, 1970இல் இடிக்க இருந்தார்கள். சிம்பொனியில் பசூன் என்ற ஊதுகருவி வாசித்த பால் கான்சன் ஆள் சேர்த்துப் போராடித் தடுத்தார். 1989இல் சிம்பொனி அதே மேடைக்குத் திரும்பியது. அன்று மாலை அங்கே கச்சேரி இருந்தால் வேறு எதையும் யோசிக்காமல் டிக்கெட் வாங்கிவிடலாம். ஒரே அரங்கத்தில் இரண்டு அமெரிக்காக்கள் வாசித்திருக்கின்றன. பாரடைஸ் வேலியைப் பார்க்க ஆசைப்பட்டால்? அங்கே பார்க்க ஒன்றும் இல்லை. ஹேஸ்டிங்ஸ் தெருவின் கிளப்புகள், இசைத்தட்டுக் கடைகள், பாடகி அரீதா ஃபிராங்க்ளினின் அப்பா சி.எல். ஃபிராங்க்ளின் பிரசங்கம் செய்த தேவாலயம் எல்லாம் இருந்த இடத்தில் ஒரு நெடுஞ்சாலை ஓடுகிறது.

டிராம் ஓடும் இதே உட்வர்ட் வழியாகத்தான் 1963 ஜூன் 23 அன்று லட்சம் பேருக்கு மேல் மார்ட்டின் லூதர் கிங்குடன் நடந்தார்கள். அந்த ஊர்வலத்தை முன்னின்று நடத்தியவர்களில் சி.எல். ஃபிராங்க்ளினும் ஒருவர். அன்றைக்குக் கிங் பேசியதைத் தட்டாக வெளியிட்டது மோடவுன். சும்மா உட்கார்ந்து டிராமில் போனாலே பாதி எக்ஸ்கர்ஷன் முடிந்த மாதிரி.

டியர்பார்னில் இருக்கும் ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகம் பலரின் பட்டியலில் இருக்கும். கறுப்பினப் பெண்மணி ரோசா பார்க்ஸ் வெள்ளைக்காரருக்கு இடம் விட்டு எழ மறுத்த பஸ் அங்கேதான் நிற்கிறது, ஏறி உட்காரலாம். இசைப்பக்கம் பார்த்தால், ஜாஸைச் சகிக்க முடியாமல் பழைய பிடில் இசையையும் சதுர நடனத்தையும் உயிர்ப்பிக்கப் பெரும் பணம் கொட்டியவர் ஃபோர்டு. தொழிலில் நவீனம், ரசனையில் பழமை. கட்டுரை எழுத நல்ல தலைப்பு, சுற்றிப் பார்க்கச் சுமாரான மதியம். நகர மையத்திலிருந்து பதினாறு கிலோமீட்டர், டிக்கெட் முப்பது டாலரைத் தாண்டும், பக்கத்திலேயே இருக்கும் கிரீன்ஃபீல்ட் வில்லேஜ் மார்ச்சில் மூடியிருக்கும். கார் இல்லாதவர்கள் விட்டுவிடலாம். கூட்டிப்போக அமைப்பாளர் பஸ் இருந்தால் மட்டும் சரி.

டெக்னோ என்ற மின்னணு நடன இசையின் ஆசாமிகளுக்கு ஒரு வரி: ஈஸ்ட் கிராண்ட் பூல்வார்டில் எக்ஸிபிட் 3000 இருக்கிறது. ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் தலைமுறையின் மெஷின்களைப் பார்க்க அதுதான் இடம். முன்கூட்டி நேரம் கேட்டு வாங்கிக்கொண்டுதான் போக முடியும். மாநாட்டுக்குப் போய் இறங்கிய பிறகு யோசித்தால் நடக்காது.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் கனடா. வின்ட்சர் ஊரின் விளக்குகள் ஓட்டல் ஜன்னலிலிருந்தே தெரியும். கூட வரும் அமெரிக்க நண்பர்கள் "வா, ஒரு நடை போய் வரலாம்" என்பார்கள். இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் சிரித்துக்கொண்டே மறுத்துவிட வேண்டும். கனடா விசா இல்லாமல் போக முடியாது, அமெரிக்க விசா முத்திரை காலாவதியாகியிருந்தால் திரும்பி வருவதிலும் சிக்கல் வரலாம். இன்னொரு சபலம் கிளீவ்லாந்து தியாகராஜ ஆராதனை. 1978இலிருந்து ஈஸ்டரை ஒட்டி நடக்கிறது, டெட்ராய்ட்டிலிருந்து காரில் மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம். தேதிகள் ஒட்டி வருகிற வருடம் என்றால் மாநாடு முடிந்த கையோடு போகலாம். மாநாட்டை விட்டுவிட்டுப் போகாதீர்கள். பதிவுக் கட்டணம் திரும்பக் கிடைக்காது.

இனி இரவுகள். வெள்ளி இரவு ஜாஸ் என்றால் இரண்டு பெயர் வரும். கிளிஃப் பெல்ஸ் நகர மையத்தில், 1935இல் தொடங்கிய பளபளப்பான இடம். ஓட்டலிலிருந்து நடந்தே போகலாம், உடுப்பு கொஞ்சம் நன்றாக இருக்க வேண்டும். பேக்கர்ஸ் கீபோர்டு லவுஞ்ச் வடக்கு எல்லையில், லிவர்னாய்ஸ் சாலையில், எட்டாவது மைல் ரோட்டை ஒட்டி. 1934இலிருந்து ஜாஸ் நடக்கிறது, உலகத்திலேயே நிற்காமல் நடக்கும் பழைய ஜாஸ் கிளப் என்று சொல்லிக்கொள்கிறார்கள். நூறு பேர்கூடக் கொள்ளாது. பார் மேசையே பியானோக் கட்டைகளாக வளைந்து ஓடும். சாப்பாடு பொரித்த கோழி, கெளுத்தி மீன், மக்ரோனி சீஸ்.

எனக்கு பேக்கர்ஸ்தான். காரணம் இது: மோடவுன் தட்டுகளில் பெயர் போடாமல் வாசித்த ஃபங்க் பிரதர்ஸ் வாத்தியக் குழுவில் பலர் ஜாஸ்காரர்கள். பகலில் கோர்டியின் கீழறையில் வேலை, இரவில் ஊர் கிளப்புகளில் மனசுக்குப் பிடித்த வாசிப்பு. ஹிட்ஸ்வில்லைப் பார்த்த அன்றே இரவில் ஒரு டெட்ராய்ட் கிளப்பில் உட்கார்ந்தால், அந்தத் தட்டுகளின் பேஸ் கிட்டார் வாசிப்பு ஏன் அப்படி ஊர்ந்து ஊர்ந்து ஓடுகிறது என்று புரியும். தூரம்தான் பிரச்சினை, நாலு பேர் சேர்ந்து டாக்ஸி பிடித்தால் தலைக்குக் கொஞ்சம்தான் வரும்.

ஜாஸ் பேச்சு வந்ததால் நம்மூர்த் தொடர்பு ஒன்று. ஜாஸ் கலைஞர் ஆலிஸ் கோல்ட்ரேன் 1937இல் டெட்ராய்ட்டில் பிறந்தவர், இந்த ஊர்த் தேவாலயங்களில் பியானோ வாசித்து வளர்ந்தவர். பின்னாளில் அவர் குருவாக ஏற்றது கோவை மாவட்டம் செட்டிபாளையத்தில் பிறந்த சுவாமி சச்சிதானந்தரை. தன் ஆல்பம் ஒன்றின் தலைப்பிலேயே அவர் பெயரை வைத்தார். மதுரைப் பையனிடம் இதைச் சொன்னபோது போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "செட்டிபாளையமா? எங்க சித்தப்பா வீடு அங்கதான்ணா இருக்கு" என்றான்.

காசே செலவழிக்காத ஒன்றை இதுவரை சொல்லாமல் வைத்திருந்தேன். நாற்காலிகளை வட்டமாகப் போட்டுப் பாடும் அமர்வு என்றேனே, உண்மையில் அது வட்டம் இல்லை, சதுரம். சேக்ரட் ஹார்ப் என்ற 1844ஆம் வருடத்து ஜார்ஜியா மாநிலப் பாட்டுப் புத்தகத்தை வைத்துப் பாடுவது. நாலு பக்கமும் நாலு குரல் வரிசை, நடுவில் காலி இடம், பாட்டு எடுத்துக் கொடுப்பவர் அங்கே நிற்பார். பார்வையாளர் என்று ஒரு நாற்காலிகூடக் கிடையாது. உள்ளே வந்தால் பாட வேண்டும், புத்தகம் கடனுக்குத் தருவார்கள். சுரங்களுக்கு வடிவம் இருக்கிறது: முக்கோணம் ஃபா, வட்டம் சோல், சதுரம் லா, வைரம் மி. ஏழு சுரத்துக்கு நாலே பெயர். ஃபா சோல் லா இரண்டு முறை வந்து, மி ஒரு முறை.

நமக்கு இதில் ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது. பாட்டைத் தொடங்கும்போது முதலில் சுரங்களை மட்டும் முழுதாகப் பாடுவார்கள், அப்புறம்தான் வார்த்தை. சின்ன வயதில் பாட்டு டீச்சர் வீட்டில் கீதம் கற்றுக்கொண்ட யாருக்கும் இது தண்ணீர் பட்ட பாடு. முதலில் ஸ்வரம், பிறகு சாகித்யம். சுருதிப் பெட்டியும் கிடையாது, ஒருவர் காதால் பிடித்துக் கொடுக்கிற சுருதிதான். கையை மேலும் கீழும் ஆட்டித் தாளம். மென்மை, குழைவு எதுவும் வேண்டாம், தொண்டை திறந்து பாட வேண்டும். பழக்கதோஷத்தில் ஒரு முடிவில் நான் சின்னக் கமகம் ஒன்று போட்டுவிட்டேன். பக்கத்தில் நின்ற ஓர் அம்மாள் திரும்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. கேட்டால் நடுச் சதுரத்தில் ஒரு பாட்டுக்கு நிற்க விடுவார்கள். நாலு பக்கமிருந்தும் குரல் வந்து மோதும்போது தரை கொஞ்சம் அதிர்வது காலில் தெரியும். மோடவுனுக்கும் இதற்கும் நேரம் மோதினால் நான் இதைத்தான் எடுப்பேன். மோடவுன் வீடு அடுத்த வருடமும் அங்கேயே இருக்கும். இந்த நாற்பது பேர் மறுபடி ஓர் அறையில் சேர்வது கஷ்டம்.

சனி இரவு விருந்து வேறு கணக்கு. டிக்கெட் விலை மாணவனுக்குக் கடிக்கும். சைவம் என்று குறித்தால் பெரும்பாலும் ஒரு பெரிய காளானோ ஒரு தட்டு பாஸ்தாவோ வரும். பேச்சுகள், நன்றிகள், மறுபடி நன்றிகள். பேராசிரியர் யாராவது மேசைக்கு அழைத்தால் போங்கள், நீங்களாக வாங்காதீர்கள். அந்தக் காசை ஏலத்தில் வையுங்கள். உறுப்பினர்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்த புத்தகம், ஸ்வரத்தாள், தட்டு எல்லாம் மேசையில் பரப்பியிருக்கும். ஒவ்வொன்றின் முன்னும் ஒரு தாள், அதில் உங்கள் பெயரையும் தொகையையும் எழுத வேண்டும். மேலே ஒருவர் எழுதினால் நீங்கள் இன்னும் ஒரு டாலர் கூட்டலாம். வரும் பணம் மாணவர்களின் பயணச் செலவுக்குப் போகிறது. மூடுவதற்குப் பத்து நிமிடம் முன்னால் மேசையைச் சுற்றி நடக்கும் பேராசிரியர்களின் முகத்தைப் பார்க்க வேண்டும், ரேஷன் கடை வரிசை தோற்றுவிடும். விமானப் பெட்டியின் எடையை மட்டும் மனதில் வையுங்கள்.

பையனுக்குச் சொன்ன கணக்கு இது. அமைப்பாளர் பஸ் மோடவுனுக்கே போகிறது என்றால் இரண்டாவது பேச்சே வேண்டாம், அதில் ஏறு. வேறெங்காவது போகிறது என்றால் பஸ்ஸை விட்டுவிட்டு, காலை அமர்வில் பக்கத்தில் உட்கார்ந்த இரண்டு பேரைக் கேள், "மோடவுன் போறேன், வர்றீங்களா?" என்று. முன்பதிவை மூன்று பேருக்குப் போட்டு வை. இரண்டு டிக்கெட் வீணானாலும் பஸ் கட்டணத்தோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம் வராது. பக்கத்து சீட்டு கிடைத்துவிடும், நேரமும் உன் கையில். பாடும் அமர்வை விடாதே. விருந்து வேண்டாம்.

"தெரியாதவங்ககிட்ட எப்படிண்ணா போய்க் கேக்குறது?" என்றான். மதுரையில் பஸ் ஸ்டாண்டில் யாரிடமும் கேட்காமலா இருந்தாய் என்றேன்.

சனிக்கிழமை ராத்திரி பதினொரு மணிக்குப் போன் வந்தது. தொண்டை கட்டியிருந்தது, நாலு பாட்டுக்குக் கீழ்க்குரலான பேஸ் வரிசையில் நின்றிருக்கிறான். மோடவுனுக்கு மூன்று பேராகப் போனார்களாம், ஃபிஷர் கட்டடத்தில் ஒதுங்கி ஒதுங்கி, ஒருவர் குல்லாயை இன்னொருவர் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு. ஹேக்லி சேகரிப்பைப் பற்றி அந்த மூவரில் ஒரு பெண் நிறையச் சொன்னாளாம், ஜூனில் மறுபடி வருவதாகத் திட்டம்.

"அப்புறம் அண்ணா, ஏலத்துல ஒரு எல்.பி. எடுத்துட்டேன். பதினோரு டாலர். ஒரு புரொஃபசரோட போட்டி போட்டு."

"சரி, ப்ளேயர் இருக்கா?"

"இல்ல."